மழைக் கணக்கும் ஊர்க் கணக்கும்

பருவநிலை மாற்றத்தின் பொருளாதாரத்தை நான் 1876ஆம் ஆண்டிலிருந்துதான் நடத்தத் தொடங்குவேன். பாடத்திட்டத்தில் முதலில் நிற்பது 2006இல் வந்த நிக்கோலஸ் ஸ்டெர்ன் அறிக்கை. அடுத்து, 2018இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்தவுஸ். அவர்களிடம் பிறகு போகலாம். செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்சார ரயில் பிடித்துப் படிக்கப் போகிற பிள்ளைகள், இந்தப் படிப்பின் பழைய அத்தியாயம் ஒன்று தாங்கள் போகும் தண்டவாளத்தோடு சேர்ந்தது என்பதை முதலில் அறியவேண்டும்.

ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை அந்தப் பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. இருபது ஆண்டு கழித்து மழை பொய்த்தது. பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிவந்தது அதைத்தான். சென்னைக் கடற்கரையில் வங்காளத்து அரிசி மூட்டைகள் இறங்கின, இதே பாதையில் மேற்கே போயின. அரிசி ஓடியது, அதை வாங்கும் காசு கூலிக்காரனிடம் இல்லை. 1877 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உடலுழைக்கும் மனிதனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். அந்த அரைப் பவுண்டுச் சண்டையை நான் வகுப்பில் நெடுநேரம் நடத்துவேன். வறட்சியின் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி அவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் நிற்கவில்லை.

அதே 1877இல் இன்னொரு விஷயமும் நடந்தது. சென்னை வானாய்வகத்தில் 1813 முதல் மழை அளந்து பதிந்துவந்தார்கள். அரசின் புள்ளிவிவரத் தலைவர் வில்லியம் வில்சன் ஹண்டர் அந்தப் பதிவை எடுத்து, சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது, பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வருகிறது என்று எழுதினார். லண்டனில் இருந்த பொருளாதார அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். மழை குறைந்தால் இந்தியாவில் தானிய விலை ஏறும். குடியானவன் கையில் துணிக்குக் காசு மிஞ்சாது. லங்காஷயர் ஆலைகள் தேங்கும். லண்டனில் வங்கிகள் ஆடும். வானத்திலிருந்து வங்கி வரை ஒரே சங்கிலி. கரும்புள்ளிக் கணக்கு பிறகு நிற்கவில்லை. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர்தான், பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் மாறிமாறி ஊசலாடுவதைப் பின்னர் கண்டு சொன்னார். ஆனாலும் வானிலையைச் சந்தையோடு கோத்துப் பார்த்த ஜெவன்ஸின் துணிச்சலை நான் மதிக்கிறேன். அவர் சங்கிலியில் விடுபட்டது நடுக்கண்ணி. குடியானவன் என்று எழுதினாரே தவிர, அவனுக்கு எத்தனை காணி, எவ்வளவு கடன், எந்த ஏரியிலிருந்து தண்ணீர் என்று கேட்க அவருக்கு வழி இருக்கவில்லை.

அந்த வழியைத் திறந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தவர். ஊர் புதிது, மொழி தெரியாது. மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் எழுதிவரச் சொன்னார். அது 1918இல் நூலாயிற்று. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி என்று ஊர்ப்பெயர்களாலேயே நிற்கும் நூல் அது. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936இல் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1980களில், மால்கம் ஆதிசேசய்யா 1971இல் அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன் முதலியோர் மறுபடி போனார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பதிவு பொருளாதாரத்தில் அரிது. எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான ஊர் தூசி; காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பெரிய மாமண்டூர் ஏரியின் ஆயக்கட்டு. எங்கள் நிலங்களைப் போலவே ஏரியை நம்பி விளைந்த மண்.

திருவள்ளூர்ப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் ஏரி நிறைவதைப் பொறுத்தது. எங்கள் அப்பா மதகில் நின்று தண்ணீர் அளவைப் பார்த்துத்தான் நவரை வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார். பம்ப்செட்டும் போர்வெல்லும் வந்தபின் கணக்கு நிலத்துக்கு அடியில் போயிற்று. 1960களின் இறுதியில் ஐ.நா. உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் வடசென்னை ஆலைகளுக்கும் நீர் போயிற்று. இறைத்த இறைப்பில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. 2000க்குப் பின் வறண்ட ஆண்டுகளில் சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, தாமரைப்பாக்கம் விவசாயிகளின் கிணற்று நீரையே விலைக்கு வாங்கியது. நெல்லை விட்டுத் தண்ணீரை விற்றார்கள்.

இங்கேதான் நார்தவுஸும் ஸ்டெர்னும் வகுப்புக்குள் வருவார்கள். நாளை வரும் நட்டத்துக்கு இன்று எவ்வளவு மதிப்பு என்பதே அவர்கள் சண்டை. ஸ்டெர்ன் கழிவு விகிதத்தை ஆண்டுக்கு 1.4 சதவீதம் என்று வைத்தார். நார்தவுஸ் 4 சதவீதத்துக்கு மேல். எங்கள் ஊரில் மூணு வட்டிக்குக் கடன் வாங்கியவனுக்கு ஆண்டுக்கு 36 சதவீதம். அந்த விகிதத்தில் பத்தாண்டுக்குப் பிந்தைய தண்ணீரின் இன்றைய மதிப்பு, ரூபாய்க்கு ஐந்து பைசாவைக்கூடத் தொடாது. அவன் கிணற்று நீரை லாரிக்கு விற்றால் அறியாமை என்று யாரும் சொல்லக்கூடாது. கடனை மாற்றாமல் நீரைக் காக்கச் சொல்லும் கொள்கை எதுவும் எங்கள் பக்கம் நடக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

1993இல் தொடங்கிய சென்னைப் பொருளாதாரப் பள்ளியில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் தனிப் படிப்பாகவே வளர்ந்தது. அங்கே பேராசிரியராக இருக்கும் கே.எஸ். கவிகுமார், முன்னர் ஜோதி பாரிக்குடன் சேர்ந்து, வெப்பம் ஏறினால் இந்தியப் பண்ணை வருமானம் எவ்வளவு குறையும் என்று மாவட்டப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கணக்கிட்டார். தேவையான வேலை. ஆனால் மாவட்ட சராசரியில் செங்கல் சூளையில் மண் மிதிப்பவரும், கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலைக்கு முன் நிற்பவரும் தென்படமாட்டார்கள். வெயிலில் வேலை நின்றால் அவர்களுக்கு அன்றைய கூலி போச்சு.

அதனால் ஸ்லேட்டரின் முறையை என் மாணவர்களிடம் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். விடுமுறையில் சொந்த ஊர், சொந்தத் தெரு, கையில் கேள்வித்தாள். காணி, கடன், கால்நடை என்ற பழைய கேள்விகள் அப்படியே இருக்கும். கூடவே புதிதாகச் சில: போர் இப்போது எத்தனை அடி, தண்ணீர் விற்றதுண்டா, லோடுக்கு என்ன விலை, வெயிலால் சென்ற சித்திரையில் எத்தனை நாள் வேலை இல்லை, அந்த நாளில் அடுப்பு எரிந்தது யார் காசில். விடைத்தாள்களை ஊர்வாரியாகக் கட்டி, எழுதிய தேதியோடு வைக்கிறோம். பி.ஜே. தாமஸ் போல ஒருவர் அதே வீட்டுக் கதவைத் தட்ட வரும்போது அவை வேண்டும்.