வீரநாராயணபுரத்துக் கோஷ்டி

சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, வீராணம் ஏரியை அடுத்துள்ள காட்டுமன்னார்கோயில், முதற் பராந்தக சோழனுடைய (907–955) விருதுப்பெயரைத் தாங்கி வீரநாராயணபுரம் என்று வழங்கிய பழங்காலத்திலேயே, தமிழர் கூடிப் பாடும் மரபுக்கு ஒரு ஜன்மபூமியாக விளங்கிற்று என்று நான் சொல்வது ஊரபிமானத்தால் அன்று.

அவ்வூர் மன்னனார் சந்நிதிக்கு மேல்நாட்டிலிருந்து வந்த யாத்திரிகர் சிலர், குடந்தைப் பெருமாள்மீது நம்மாழ்வார் அருளிய பதிகத்தைச் சேர்ந்து சேவிக்க, அதைக் கேட்டு உருகிய நாதமுனிகள், ஆயிரம் பாட்டுள் இவை பத்து என்னும் குறிப்பு அதன் இறுதியில் வருவதைக் கவனித்து, எஞ்சியவை எங்கே என்று வினவினார் என்றும், தாங்கள் அறிந்தவை இவ்வளவே என்று அவர்கள் கைவிரித்தார்கள் என்றும் குருபரம்பரை கூறும். ஏடுகள் மறைந்த பின்னும் அந்தப் பத்துப் பாட்டாவது பிழைத்திருந்தது, பலர் வாயில் ஒருசேரப் பயின்று வந்தமையால் அல்லவா? பிறகு அவர் திருக்குருகூர் சென்று, மதுரகவியாழ்வாரின் சிறு பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, ஆழ்வார்கள் பாசுரங்கள் நாலாயிரத்தையும் பெற்று மீண்டார் என்பது வைஷ்ணவர் அனைவரும் அறிந்த வரலாறு.

ஆனால் தொகுத்ததைவிட அவர் பாட வைத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே சமயத்தில் தட்டப்பட்ட பல தாளங்களின் ஓசையைக் கேட்டே அவை ஒவ்வொன்றின் எடையையும் சொல்லக்கூடிய செவி அவருக்கு இருந்ததாம். அத்தகைய ஞானமுடையவர், தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் பாசுரங்களைப் பண்ணும் தாளமுமாகக் கற்பித்தார். பாசுரங்களைச் சந்நிதியில் இசையோடு பாடும் அரையர் பரம்பரை அவர்களிடமிருந்தே தொடங்கியது என்பர்.

இசையோடு பாடுவது அரையருக்கு உரியதாக, இயலாகப் பலர் கூடிச் சேவிப்பது கோஷ்டிக்கு உரியதாயிற்று. பெருமாள் திருவீதி எழுந்தருளும்போது பிரபந்த கோஷ்டி முன்னேயும் வேத கோஷ்டி பின்னேயும் செல்வதில் தமிழுக்கு எத்தனை உயர்வு! ஒருவர் முதலடியைத் தொடங்கிக் கொடுக்க, முதியவரும் நேற்றுப் பாடம் கேட்கத் தொடங்கிய சிறுவனும் அதைத் தொடர்ந்து எடுக்கிறார்கள். ஒருவன் மறந்த சொல்லை அடுத்தவன் குரல் தாங்கிக்கொள்கிறது. பசிபிக் பெருங்கடலிலுள்ள தொங்கா, சமோவாத் தீவினர் தம் ஆலயங்களில் மேற்குரலும் கீழ்க்குரலுமாகப் பிரிந்து பாடுவர்; நம் கோஷ்டியிலோ எல்லாக் குரலும் ஒரே வழியிற் செல்லும்.

தேவாரத்தை மீட்ட நம்பியாண்டார் நம்பி பிறந்த திருநாரையூரும் இவ்வூருக்கு அருகிலேயே இருப்பது என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும். தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தத் தேவாரத் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெண்மரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்த ராஜராஜன், அவர்களில் ஒருவர் இறந்தால் உறவினர் அவ்விடத்தில் நின்று பாடவேண்டும் என்றும் கல்லில் வெட்டிவைத்தான்.

திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் மார்கழி அத்யயன உற்சவத்தில் அரையர் இன்றும் கூம்பிய குல்லாய் தரித்து வந்து நிற்கிறார். பாசுரத்தைப் பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்லும் அவர் கையில் இருப்பவை இரண்டு தாளங்கள் மட்டுமே.