புல்லட்டில் 'டக்'கென்று ஒரு சத்தம்

ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு உதறல். பழைய புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். நாகர்கோவிலில் யாரிடம் சொன்னாலும் உடனே கிடைக்கிற பதில், "செயின் லூசா கெடக்கு, டைட் பண்ணு". பாதி நேரம் அது சரிதான். மீதி நேரம், தேவையில்லாமல் செயினை இறுக்கி, கியர்பாக்ஸ் பேரிங்குக்கும் வீல் பேரிங்குக்கும் சேர்த்து செலவு வைத்துவிடுவார்கள். சத்தமும் போகாது.

எஞ்சினிலிருந்து டயர் வரைக்கும் சக்தி கைமாறி வருகிற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எது அளவுக்கு மீறியது என்று கண்டுபிடிக்க அந்தப் பாதை எப்படி உருவானது என்று தெரிந்தால் போதும். கொஞ்சம் பழைய கதை பார்ப்போம்.

1900-களின் ஆரம்பத்தில் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் பெல்ட்தான். மழை பெய்தால் வழுக்கும். ஆனால் அந்த வழுக்கலில் ஒரு நன்மையும் இருந்தது, எஞ்சினின் அடி அப்படியே சக்கரத்துக்குப் போகாது. மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-லேயே புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் செயின் வந்தபோது வழுக்கல் போனது, உதறல் வந்தது. ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அந்த ஒரு அடியைச் செயின் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் பின்சக்கரத்துக்குக் கடத்தும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனி 1910-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டது. ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ரப்பர் கட்டைகளை வைத்தது. 'குஷ் டிரைவ்' என்று பெயர். நம் மெக்கானிக்குகள் சொல்கிற கப்ளிங் ரப்பர் இதுதான்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. (அப்போது நம் மாவட்டம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்.) ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. ஆனால் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் சென்னையில் 2009-10 வாக்கு வரை வந்துகொண்டே இருந்தது. ஒரு வண்டி பிறந்த ஊரில் செத்து, வந்த ஊரில் இன்னொரு நாற்பது வருஷம் வாழ்ந்தது என்றால் பாருங்கள் :-)

இப்போது முக்கியமான மேட்டர். பழைய புல்லட்டில் பின்பிரேக் டிரம்மும் ஸ்பிராக்கெட்டும் ஒரே வார்ப்பு. கப்ளிங் ரப்பர் ஆறும் டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கின்றன. ஆகவே சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பிரேக் ஸ்பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டது, செயின் கணக்கிலேயே இல்லை. ஆடுவது ரப்பர் மட்டும்தான். டயரில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் ரப்பரை மாற்ற வேண்டும். செயினை எவ்வளவு இறுக்கினாலும் இது போகாது.

ரப்பர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்று கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஷீட்டில் டீசலோ எண்ணெயோ பட்டால் ஊதி இளகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். செயினுக்கு ஆயிலை அள்ளி ஊற்றினால் அது டிரம் பக்கமும் தெறிக்கும், அவ்வளவுதான்.

1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் கதை தலைகீழ். அவற்றில் பிரேக் டிரம் சக்கரத்தின் ஹப்பிலேயே இருக்கிறது, ஸ்பிராக்கெட் மறுபக்கம் தனியாக. பிரேக்கை மிதித்தால் சக்கரம்தான் நிற்கும். அதனால் இதில் டயரை விட்டுவிட்டு ஸ்பிராக்கெட்டைப் பிடித்து ஆட்ட வேண்டும். புல்லட்டில் கற்றுக்கொண்டவர் இதில் டயரை ஆட்டிவிட்டு, ஆடவே இல்லை, ரப்பர் நல்லா இருக்கு என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

ரப்பர் சரியாக இருந்தால் அடுத்து செயின். சக்கரத்தை மெல்லச் சுற்றி நாலைந்து இடத்தில் தொய்வைப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருந்தால் செயின் சமமில்லாமல் தேய்ந்துவிட்டது. இறுக்குவதாக இருந்தால் இறுகிய இடத்தை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். புல்லட் செயினில் பின்னுக்குப் பின் 5/8 அங்குலம். அதாவது 16 கண்ணி சரியாக 10 அங்குலம், 254 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்து அளந்தால் 259-ஐத் தொட்டுவிட்டதா? இரண்டு சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். சாரல் மழை, துலா மழை இரண்டையும் வாங்கி, போதாததற்குக் கடல் உப்பும் படுகிற ஊர் நமது. இங்கே செயின் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டும் நன்றாக இருந்து சத்தம் மட்டும் நிற்கவில்லையா? எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்தை மெல்ல ஆட்டியபடி முன்பக்கத்துச் சின்ன ஸ்பிராக்கெட்டைக் கவனியுங்கள். செயின் விறைத்த பிறகும் அந்த ஸ்பிராக்கெட் தானாக அங்குமிங்கும் அசைந்தால் ஆட்டம் உள்ளே இருக்கிறது. எல்லா கியரிலும் ஒரே மாதிரி அசைந்தால் முதலில் இடதுபக்க கேஸுக்குள் இருக்கிற பிரைமரி செயினைப் பார்க்க வேண்டும். ஒரு கியரில் மட்டும் அதிகம் என்றால் அந்தக் கியரின் பற்கள். கியர் விழுவதற்காகவே அந்தப் பற்களுக்கு இடையில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அந்த அளவு ஆட்டம் ஷோரூமிலிருந்து வரும்போதே இருந்தது, அதற்காக கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வேறு ஒர்க்‌ஷாப் போய்விடுங்கள்.