கட்-ஆஃப் புராணம்

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பௌர்ணமி அன்னைக்குத் திருவண்ணாமலைக்கு பஸ் பிடிச்சு வந்து இறங்குறதே ஒரு நுழைவுத் தேர்வு மாதிரிதான், அது தனிப் பதிவு போட வேண்டிய விஷயம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல, கூட்டம் குறையாதுன்னு தெரிஞ்சும், சித்தி பையனும் நானும் கிரிவலம் கிளம்பினோம். பய பன்னிரண்டாவது படிக்கிறான். அடி அண்ணாமலை வரைக்கும் கிரிக்கெட்டே பேசிட்டு வந்தவன் திடீர்னு கேட்டான்.

"அண்ணா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா வேலை கிடைக்குமா? ஏஐ வந்து உங்களையே வீட்டுக்கு அனுப்புறாங்களாமே?"

பெங்களூர்ல ஆணி புடுங்கிட்டு இருக்கிற எனக்கே பதில் தெரியாத கேள்வி. "நட, நட, வாயு லிங்கம் வரட்டும்"னு சமாளிச்சேன். ஆனா திரும்பி வந்த பிறகும் கேள்வி விடலை. 'எதைப் படிச்சா வேலை கிடைக்கும்'னு நம்ம ஊர் எப்போதிலிருந்து கேட்க ஆரம்பிச்சுதுன்னு நோண்டினேன். வரலாறு நமக்குத் தொழில் இல்லை, சும்மா ஆர்வக்கோளாறு. தப்பு இருந்தா குட்டுங்க.

பரீட்சை எழுதி உத்தியோகம் வாங்குறதை உலகத்துக்குக் கத்துக் கொடுத்தது சீனாதான். சுமார் 1300 வருஷம் அங்கே அரசாங்க அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுத்திருக்கிறார்கள், 1905-இல் தான் அதை ரத்து செய்தார்கள். வெள்ளைக்காரன் இந்தியாவை ஆள சிவில் சர்வீஸ் ஆட்களை எடுக்க 1855-இல் லண்டனில் போட்டித் தேர்வு ஆரம்பித்தபோது அதன் பின்னாடி சீனத்து யோசனை இருந்தது என்று சில வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்னாடி கம்பெனி டைரக்டர் யாரையாவது தெரிஞ்சிருந்தால்தான் வேலை. இந்த 'யாரையாவது தெரிஞ்சிருக்கணும்' என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பதிவு முழுக்க வரும்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகம். அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் ரெண்டே ரெண்டு பேர். சி.வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமோதரம்பிள்ளையை நமக்குக் கலித்தொகையையும் தொல்காப்பியத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவராகத்தான் தெரியும். ஆனா மனுஷன் வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்தது அரசாங்கக் கணக்கு வேலை, அப்புறம் சட்டம் படித்து கடைசியில் புதுக்கோட்டையில் நீதிபதி. படிச்சது ஒண்ணு, பார்த்த வேலை ஒண்ணு, மனசு வேற ஒண்ணுல. முதல் பட்டதாரியே நம்ம கேஸ்தான் :-)

அதுக்கப்புறம் பல காலம் டிகிரிக்குப் பக்கத்துல போனாலே போதும்னு இருந்திருக்கு. பேருக்குப் பின்னால் 'பி.ஏ. ஃபெயில்' என்று போட்டுக்கொள்கிற ஜோக்கெல்லாம் சும்மா வரலை. ஆனா சீட் யாருக்கு என்கிற சண்டையும் கூடவே வந்தது. வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்துக்கும் இன்னாருக்கு இவ்வளவு என்று சென்னை மாகாணம் பிரித்து வைத்திருந்தது. அதை எதிர்த்து மருத்துவ இடத்துக்காக சம்பகம் துரைராஜனும், பொறியியல் இடத்துக்காக சி.ஆர். சீனிவாசனும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1951-இல் உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது, தமிழ்நாடு கொதித்தது, அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. ஒரு இன்ஜினியரிங் சீட்டும் ஒரு மெடிக்கல் சீட்டும் நாட்டோட அரசியல் சட்டத்தையே திருத்த வெச்சிருக்கு. நம்ம வீட்ல ஏன் ஒரு மார்க்குக்கு இவ்வளவு கூச்சல்னு இப்பப் புரியுதா?

சரி, இனி நம்ம வீட்டுக் கதை. கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு.

தமிழ்நாட்டில் பி.யூ.சி.யை எடுத்துவிட்டு பிளஸ் டூ கொண்டு வந்தது 1978. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980. எங்க அப்பா அந்த முதல் பேட்ச். அப்போ திருவண்ணாமலை தனி மாவட்டமே கிடையாது, வட ஆற்காடு மாவட்டம், எதுக்கும் வேலூர் போகணும் (எங்களுக்குத் தனி மாவட்டம் கிடைச்சது 1989-இல்தான்). கணக்கில் அப்பா புலி. இன்னைக்கும் மூட்டை, கிலோ, விலை சொன்னா காகிதம் இல்லாம மொத்தத்தைச் சொல்லிடுவார். "ஏம்ப்பா இன்ஜினியரிங் அப்ளை பண்ணலை?"னு ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு:

"இன்டர்வியூ இருக்கும்டா. அதுக்கு யாரைப் பிடிக்கணும்னே தெரியலை."

அப்போ தொழிற்கல்லூரி சேர்க்கையில் மார்க்கோடு நேர்காணலும் உண்டு. அந்த நேர்காணலில் போடுகிற மார்க் நியாயமா என்று 1970 வாக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது (பெரியகருப்பன் வழக்கு, மருத்துவ சேர்க்கை பற்றியது). கமிட்டி முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்லணும் என்கிற நினைப்பே எங்க அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. அப்ளிகேஷனே போடலை. டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சார், எம்ப்ளாய்மென்ட் கார்டு போட்டார், மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிச்சார். கடைசியில் ஊர்லயே ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. அந்தக் கார்டு இன்னும் பீரோவுல இருக்கு, பிளாஸ்டிக் கவர் போட்டு.

1984-இல் ரெண்டு விஷயம் நடந்தது, ரெண்டும் எம்.ஜி.ஆர். ஆட்சியில். ஒண்ணு, நேர்காணலுக்குப் பதில் நுழைவுத் தேர்வு. இன்னொண்ணு, சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி. முதலாவது கதவைக் கொஞ்சம் நேர்மையாக்கியது, இரண்டாவது கதவையே அகலமாக்கியது. அப்பா நாலு வருஷம் லேட்டா பிறந்திருக்கலாம்.

ஆனா நுழைவுத் தேர்வுக்கும் ஒரு 'யாரையாவது தெரிஞ்சிருக்கணும்' முளைச்சது. இந்தத் தடவை அது கோச்சிங் சென்டர். 300-க்கு கட்-ஆஃப், அதில் 200 பிளஸ் டூ மார்க், 100 நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவில் நல்லா வாங்கின கிராமத்துப் பசங்க அந்த நூறில் வழுக்கினாங்க. சென்னையிலும் கோவையிலும் ஒரு மாச கிராஷ் கோர்ஸ் போனவங்க ஏறினாங்க. 2005-இல் ஜெயலலிதா அரசு அரசாணை போட்டு ஒழிக்கப் பார்த்தது, ஹைகோர்ட் ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் சட்டம் போட்டது, அதுவும் நிற்கலை. பிறகு வந்த கருணாநிதி அரசு, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு போட்டு, அறிக்கை வாங்கி, 2006 கடைசியில் சட்டம் இயற்றி, 2007-இல் ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கியது. நுழைவுத் தேர்வு காலி. ரெண்டு கட்சியும் ஒத்துப்போன அபூர்வ விஷயம்.

அதுக்கப்புறம் பிளஸ் டூ மார்க் மட்டும்தான். அப்பாடான்னு நினைச்சா... அழுத்தம் எங்கேயும் போகலை, ஸ்கூலுக்குள்ள குடி வந்துடுச்சு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருந்த உறைவிடப் பள்ளிகளுக்கு ஏற்கெனவே நல்ல பேர், இப்போ திருவிழாக் கூட்டம். அந்தக் கூட்டத்துல 2013-இல் எங்க அப்பாவும் ஒரு டிரங்குப் பெட்டியோட நானும்.

ஸ்கூல் பேர் வேண்டாம். நாலரை மணிக்கு பெல். அஞ்சு மணிக்கு ஸ்டடி. பதினொண்ணாவது புத்தகத்தை நாங்க திறக்கவே இல்லை, முதல் நாளே பன்னிரண்டாவது பாடம். ரெண்டு வருஷமும் அதே புத்தகம், அதே கேள்வி, தினம் டெஸ்ட். மார்க் அப்பா செல்லுக்கு எஸ்.எம்.எஸ்.ஸா போயிடும். மாசத்துல ஒரு ஞாயிறு கேட்டுக்கு வெளியே அம்மாக்கள் புளிசாதத் தூக்கோட வரிசையில் நிப்பாங்க. இயற்பியலில் ஒரு மார்க் போனா கட்-ஆஃபில் கால் போச்சு. அந்தக் காலுக்குள்ள நூத்துக்கணக்கான பேர் நிக்கிறாங்கன்னு தினம் சொல்வாங்க.

எனக்குப் பக்கத்துக் கட்டில் பையன் தூக்கத்துல பேசுவான். ஃபார்முலா இல்லை, வீட்ல இருந்த மாட்டைக் கூப்பிடுவான். ரெண்டாவது வருஷம் டிசம்பர்ல ஒரு நாள் காலைல பார்த்தா கட்டில் காலி, பெட்டி மட்டும் இருக்கு. வார்டன் வந்து எடுத்துட்டுப் போனார். எங்க போனான், என்ன ஆனான்னு நான் விசாரிக்கவே இல்லை. அன்னைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்.

பரீட்சைக்கு முன்னாடி அம்மா என் ஹால் டிக்கெட்டைக் கொண்டு போய் பெரிய கோவில்ல கம்பத்து இளையனார் சன்னதியில வெச்சு எடுத்துட்டு வந்தாங்க. 2015, கட்-ஆஃப் 187.25. கிண்டியில் கவுன்சலிங். நாலு வருஷத்தைத் தீர்மானிக்கிற முடிவு, ஸ்கிரீன்ல இடங்கள் ஒவ்வொண்ணா மறையுறதைப் பார்த்துக்கிட்டே எடுக்கணும். அப்பா என் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் அவர் சொன்னது: "ஒருத்தனும் உங்க அப்பா என்ன பண்றார்னு கேட்கலைடா." அவருக்கு அதுதான் பெரிய அதிசயமா இருந்தது. 35 வருஷம் முன்னாடி அவர் பயந்த கேள்வி அது.

இதனால்தான் 'மார்க் எல்லாம் மண்ணாங்கட்டி'ன்னு சுலபமா எழுதிட்டுப் போறவங்களோட எனக்கு ஒத்துப்போகலை. அண்ணன், மாமன், சிபாரிசு எதுவும் இல்லாத வீட்டுக்கு மார்க்தான் சிபாரிசு. அதுக்காக அந்த ஹாஸ்டலை நியாயப்படுத்தவும் முடியலை. முதல் செமஸ்டர்ல கணக்குல எனக்கு அரியர். பதினொண்ணாவது படிச்சிருந்தாத்தானே! இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 2017-இல் அரசாங்கம் ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்துச்சு, பதினொண்ணாவதுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்துச்சு. அது இன்னொரு சுமைன்னு 2025-இல் அதையும் எடுத்தாச்சு. அதே 2017-இல்தான் மருத்துவத்துக்கு நீட் வந்தது. 1200-க்கு 1176 வாங்கிய அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, உச்ச நீதிமன்றம் வரை போயும் இடம் கிடைக்காமல் அந்த செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். அவரும் எனக்கு ரெண்டே வருஷம் பின்னாடி வந்த பேட்ச்.

வேலைக்கு வருவோம். சுயநிதிக் கல்லூரிகள் பெருகிப் பெருகி ஐநூறைத் தாண்டின. எங்க ஊரிலேயே 1993-இல் அருணை பொறியியல் கல்லூரி வந்தாச்சு. சீட் கிடைக்கிறது கஷ்டம் என்கிற காலம் போய், சீட் காலியா கிடக்கிற காலம் வந்துடுச்சு. ஆனா டிகிரியோட பவுசும் கூடவே போச்சு. 2019-இல் நான் சேர்ந்தப்போ வாங்கின மூணே கால் லட்சத்துக்கும், பத்து வருஷம் முன்னாடி சேர்ந்த சீனியர் வாங்கினதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே பத்து வருஷத்தில் பெங்களூர் வாடகை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

சீனாவுலயும் இதே கதைதான்னு படிச்சப்போ ஒரு அல்ப ஆறுதல். கலாசாரப் புரட்சியில் நின்று போன கல்லூரித் தேர்வை 1977-இல் மறுபடி நடத்தினார்கள், நம்ம பிளஸ் டூவுக்கு ஒரு வருஷம் முன்னாடி. 57 லட்சம் பேர் எழுதி சுமார் 2.7 லட்சம் பேருக்கு இடம். 1999-இலிருந்து கல்லூரி இடங்களைத் தாராளமாகக் கூட்டினார்கள். 2023 ஜூனில் நகரங்களில் 16-24 வயதுக்காரர்களில் வேலையில்லாதோர் 21.3 சதவீதம்; அடுத்து கொஞ்ச மாசம் அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திட்டாங்க. அந்த வருஷம் பசங்க இணையத்துல தங்களைக் கோங் யிஜின்னு சொல்லிக்கிட்டாங்களாம். லூ ஷுன் 1919-இல் எழுதின கதைப் பாத்திரம் அது. பரீட்சையில் தேறாதவன், படிச்சவன் போடுற நீள அங்கியை மட்டும் கழட்ட மாட்டேங்கிறவன். எங்க அப்பா பீரோவுல இருக்கிற கார்டு மாதிரி.

கிரிவலத்துக்கு வர்றேன். குபேர லிங்கம் தாண்டி ரோட்டோரம் சுக்கு காபி குடிச்சுட்டு உட்கார்ந்தோம், பாதம் எரியுது. சித்தி பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. 2021-இலிருந்து பொறியியலிலும் அரசுப் பள்ளிப் பசங்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு, ஃபீஸும் அரசாங்கமே கட்டிடும். எனக்கு அப்பா வாங்கின வட்டிக் கடன் இவனுக்கு இல்லை. "வேலை கிடைக்குமான்னு எனக்குத் தெரியாதுடா. உனக்குப் புடிச்சிருந்தா எடு, பதினொண்ணாவது கணக்கை மட்டும் ஒழுங்கா திரும்பப் படி"ன்னேன். ரொம்ப சுமாரான பதில், ஒத்துக்கிறேன். அப்புறம் ஹாஸ்டல் கதையெல்லாம் சொன்னேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தப் பக்கத்துக் கட்டில் அண்ணன் இப்ப என்ன பண்றாரு?"ன்னான்.

தெரியலடான்னேன். பேரு, ஊரு ரெண்டும் ஞாபகம் இருக்கு. இந்த வாரம் பழைய பேட்ச் பசங்க நாலு பேருக்கு மெசேஜ் போட்டிருக்கேன். இதை எழுதுற வரைக்கும் யாருக்கும் தெரியலை.

டிஸ்கி: 1978-80 முதல் பிளஸ் டூ பேட்ச் யாராவது உங்க வீட்ல இருந்தா, அவங்க அந்த வருஷம் எதுக்கு அப்ளை பண்ணாங்க, எதுக்குப் பண்ணலைன்னு கேட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.