செயின்சோவுக்குள்ளே கிடக்கும் வரலாறு

புயலுக்குப் பிறகு மரம் வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தால், எங்கட ஊர்களில் முதலில் தேடுவது செயின்சோ வைத்திருக்கிற ஆளைத்தான். அந்தச் சத்தம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அந்த மெசின் எங்கிருந்து வந்தது எண்டு நாங்கள் பெரிதாக யோசிப்பதில்லை. தேடிப் படித்தபோது எங்களுக்குப் பிடிபட்டது இதுதான்: அதன் முக்கியமான பாகங்கள் பல, அதைப் பிடித்து வேலை செய்த ஆக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகே வந்து சேர்ந்தவை.

தொடக்கம் காட்டில் இல்லை, வைத்தியத்தில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொட்லாந்து மருத்துவர்களான ஜோன் எயிட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே இருவரும் எலும்பு அறுக்க, பல் வைத்த மெல்லிய சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். இரண்டு முனையிலும் கைப்பிடி. மயக்க மருந்து வராத காலம் அது.

மரத்துக்கு அது வந்தது 1920களில், ஜேர்மனியில். 1926 இல் அன்ட்றியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி வாளைச் செய்தார். அடுத்த வருடம் எமில் லெர்ப், டொல்மார் மலையில் பெற்றோல் வாளைச் சோதித்தார். 1929 இல் ஸ்டீலும் பெற்றோல் வாள் செய்தார். நிறை 46 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சீமெந்து மூட்டை. இரண்டு பேர் பிடித்துத்தான் அறுக்க வேணும்.

பழைய வாள்களின் காபரேட்டரில் மிதவை இருந்தது. சரித்துப் பிடித்தால் எஞ்சின் நின்றுவிடும். சவ்வு வைத்த காபரேட்டர் வந்த பிறகுதான் எந்தப் பக்கமும் திருப்பி அறுக்க முடிந்தது. இண்டைக்கும் மாதக்கணக்கில் சும்மா கிடந்த வாள் ஸ்டார்ட் வராவிட்டால், பழுதாகிய பெற்றோலையும் விறைத்துப்போன அந்தச் சவ்வையும்தான் முதலில் சந்தேகிக்க வேணும். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சங்கிலிக்கு ஊற்றுகிற ஒயில் வேறு, எஞ்சினுக்கு ஒயில் பெற்றோலோடு கலந்துதான் போகும். இப்போதைய பல வாள்களுக்கு 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். வெறும் பெற்றோல் விட்டால் பிஸ்டன் இறுகிவிடும்.

சங்கிலியின் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் ஒரிகனில் மரம் வெட்டிய ஜோசப் கொக்ஸ், 1946 இல் ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அது இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறியது. அதைப் பார்த்து இடப்பல், வலப்பல் எண்டு மாறி மாறி வைத்த சங்கிலியைச் செய்தார். இண்டைய சங்கிலிகள் அந்த வழியில் வந்தவைதான். வாள் ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கப் பற்களும் மற்றப் பக்கப் பற்களும் ஒரே அளவில் அரம் போடப்படவில்லை எண்டு அர்த்தம். சீவல் வராமல் மாவாகக் கொட்டினால் பல் மொட்டை.

1959 இல் ஸ்டீலின் கொன்ட்ரா வாள் 12 கிலோவுக்கு வந்தது. தனி ஆள் தூக்கலாம். ஆனால் அதிர்வு முழுக்க அந்த ஒருவரின் கைக்கே போனது. வருடக்கணக்கில் பிடித்தவர்களின் விரல்கள் வெளிறி மரத்துப் போயின. அதிர்வு குறைக்கும் கைப்பிடி 1960களின் நடுவில்தான் வந்தது. தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் ஆளை நோக்கி எகிறும். அதை நிறுத்தும் செயின் பிரேக் 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் உழைத்தவர்களின் உடம்புதான் அதற்கு விலை கொடுத்தது.

இலங்கையில் 2019 இல் செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். காடழிப்பைத் தடுக்க அது தேவைதான். ஆனால் பதிவில் மெசினின் இலக்கம் இருக்குமே தவிர, நாள் கூலிக்கு அதைப் பிடிக்கிற கையின் நிலைமை இருக்காது. வேலைக்கு இடைஞ்சல் எண்டு பிரேக்கைக் கழற்றினால், தேய்ந்த ரப்பரை மாற்றாமல் விட்டால், நாங்கள் மிச்சம் பிடிப்பது கொஞ்சக் காசு. திரும்பிப் போவது 1950களுக்கு. வாளைக் கூலிக்குப் பிடிக்கிற வீட்டுக்காரரும் இதை ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்: பிரேக் வேலை செய்யுதா, அண்ணை?