பழி சுமந்த விளையாட்டு

1993 ஆம் ஆண்டு டிசெம்பர் 9 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கச் செனற் சபை உறுப்பினர் ஜோசப் லீபமன், ஹேர்ப் கோல் ஆகியோர் முன்னிலையில் வீடியோ விளையாட்டுக்கள் பற்றிய விசாரணை தொடங்கிற்று. சாட்டப்பட்டவற்றுள் 'மோட்டல் கொம்பற்' ஒன்று. 'நைற் ட்றாப்' மற்றொன்று.

முன்னதிலே குருதி பாய்ந்தது கண்கூடு. பின்னதன் கதையோ வேறு. ஒரு வீட்டில் இராத்தங்கும் இளம்பெண்களை, குருதி உறிஞ்ச வரும் கயவரிடமிருந்து காப்பதே ஆடுவோன் கடமை. மன்றிலே காட்டப்பட்டதோ, அவன் காக்கத் தவறினால் நேரும் காட்சி! பெண்களைச் சிக்கவைத்துக் கொல்வதே ஆட்டத்தின் நோக்கமென்று பழி எழுந்தது. காவற்காரனைக் கள்வனென்ற கதைதான்.

1994 ஜனவரியில் சேகா நிறுவனம் அதனை விற்பனையினின்றும் விலக்கிற்று. அவ்வாண்டே விளையாட்டுக்களுக்கு வயதெல்லை வகுக்கும் சபையொன்றைத் தொழிற்றுறையினர் தாமே நிறுவினர். பெற்றோருக்கு அது நற்றுணையாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

விசாரணையில் நின்ரெண்டோ சார்பிற் பேசிய ஹவாட் லிங்கன், 'நைற் ட்றாப்' தம் கருவியில் ஒருநாளும் இடம்பெறாதென உறுதி கூறியிருந்தார். 2017 இல் அது மீண்டும் வெளிவந்தபோது, அச்சபையே அதனைப் பதின்மூன்று வயதினர்க்கும் ஏற்றதென வகுத்தது. மறு ஆண்டு அது நின்ரெண்டோவின் கருவியிலும் வந்து சேர்ந்தது.