கருவிக் குறிப்பு (ஏஐ முகவர்களுக்கானது)

ஒரு மென்பொருள் கருவி என்ன செய்யும், அதற்கு எதையெல்லாம் கொடுக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும், எந்தச் சூழலில் அதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம், கருவிகளை அழைத்துத் தானாகவே வேலை செய்யும் ஏஐ முகவர் படித்து நடக்கும்படி எழுதிவைப்பதே கருவிக் குறிப்பு. கருவிக்குள் இருக்கும் நிரல் பெரும்பாலும் முகவரின் கண்ணுக்குத் தெரியாது. பெயர், சில வரி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் இவை மட்டுமே அதற்குக் கிடைக்கும். ஆகவே குறிப்பில் விடுபட்டது, முகவரைப் பொறுத்தவரை இல்லாததுதான்.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு, படித்து நடப்பதற்கான இந்த வகை எழுத்து பழக்கமானது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர் என ஆலைகள் வர வர, அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் நிறுவனங்களும் சுற்றிலும் பெருகின. வாகன உதிரிபாகத் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949, தன் 8.5.1.2 பிரிவில் வேலைக்குறிப்புகளைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது: குறிப்பு வேலை நடக்கும் இடத்திலேயே கிடைக்க வேண்டும், வாசிக்கத் தெளிவாக இருக்க வேண்டும், வேலை செய்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முகவருக்கு எழுதும் குறிப்புக்கும் இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. ஒரு வேறுபாடு உண்டு. லைனில் புதிதாக நிற்கும் டிரெயினிக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து ஸ்டேஷனில் இருக்கும் அண்ணனைக் கேட்பார். முகவரோ பல நேரங்களில் கேட்காமல், பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இந்தப் பகுதியின் ஆலைகளிலிருந்து புறப்படும் சரக்கு லாரிகளுக்கு ஜிஎஸ்டி முறையில் தேவைப்படும் இ-வே பில் என்ற மின்னணு ஆவணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே நடைமுறையில் உள்ள இந்த ஆவணத்தை அரசின் இணையதளத்தில் கையாலும் உருவாக்கலாம், நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து நேரடியாகவும் உருவாக்கலாம். இரண்டாவது வழியில் தேதியை நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் அனுப்ப வேண்டும். மென்பொருள் உலகில் பரவலாக இருப்பதோ ஆண்டை முதலில் எழுதும் முறை. குறிப்பில் ‘தேதி’ என்று மட்டும் இருந்தால் முகவர் இரண்டில் எதையும் அனுப்பலாம். ‘03/04/2025 என்றால் ஏப்ரல் 3’ என்று ஒரு வரி சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. அளவிலும் இதே சிக்கல்தான். ‘40’ என்பது 40 உருப்படியா, 40 பெட்டியா? ஜிஎஸ்டி முறையில் எண்ணிக்கைக்கு என்ஓஎஸ், பெட்டிக்கு பிஓஎக்ஸ், கிலோவுக்கு கேஜிஎஸ் என்று தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. அவற்றைக் குறிப்பிலேயே பட்டியலிட்டு, வேறு எதையும் ஏற்காதபடி கட்டிப்போடுவது நல்லது.

ரத்து செய்யும் கருவியில்தான் குறிப்பின் தரம் உண்மையில் வெளிப்படும். ‘இ-வே பில்லை ரத்து செய்யும்’ என்ற ஒற்றை வரியில் பிழை எதுவும் இல்லை, ஆனால் அதை நம்பி ஒரு முகவரை இறக்கிவிட முடியாது. பயன்படும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘உருவாக்கிய இ-வே பில்லை ரத்து செய்யும். 12 இலக்க எண் தேவை. உருவாக்கிய 24 மணி நேரத்துக்குள் மட்டுமே இயலும். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் இயலாது. வண்டி மட்டும் மாறியிருந்தால் இதை அழைக்க வேண்டாம்; பில்லின் பகுதி-பி-இல் வண்டி எண்ணை மாற்றும் கருவியை அழைக்கவும்.’ இதில் அதிக மதிப்புள்ளது கடைசி வரி. எப்போது வேண்டாம் என்று சொல்லும் வரியைத்தான் எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இத்தகைய குறிப்புகளுக்கான பொது வடிவங்கள் படிப்படியாக உருவானவை. மென்பொருள் இடைமுகங்களை விவரிக்கும் ஸ்வாகர் என்ற முறை 2015இல் தொடங்கிய கூட்டமைப்பின் கீழ் ஓபன்ஏபிஐ ஆனது. அது மனித நிரலாளர்களை மனதில் வைத்துப் பிறந்தது. 2023 ஜூனில் ஓபன்ஏஐ தன் ஏஐ மாதிரிகள் வெளிக் கருவிகளை அழைக்கும் வசதியைத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை, எந்த நிறுவனத்தின் முகவரும் எந்தக் கருவியையும் ஒரே முறையில் அறிந்துகொள்ள வழிசெய்தது. சென்னையில் வேரூன்றிய ஜோஹோ 2025இல் தன் மென்பொருள்களுக்கு எம்சிபி இணைப்பைக் கொண்டுவந்தது.

எம்சிபியில் ஒரு கருவி தரவைப் படிக்க மட்டும் செய்யுமா, எதையாவது அழிக்குமா, இருமுறை அழைத்தாலும் விளைவு ஒன்றேயா என்று குறிக்க இடமுண்டு. இவை குறிப்பை எழுதியவரின் வாக்குமூலம் மட்டுமே. நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த கருவியாக இருந்தால் அவற்றை நம்பக்கூடாது என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. காரணம் வலுவானது: குறிப்பு என்ற பெயரில் முகவருக்கு மறைமுகக் கட்டளைகளையும் ஒளித்துவைக்கலாம். ‘கருவி நஞ்சூட்டல்’ எனப்படும் இத்தாக்குதலை 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

நீளமும் கவனத்துக்குரியது. இணைத்திருக்கும் கருவிகளின் குறிப்புகள் பொதுவாக முகவரின் நினைவு எல்லைக்குள் இடம்பிடிக்கின்றன. ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் கருவிகள் அதிகமானால் தேர்வு தடுமாறும். பிழைச் செய்தியையும் குறிப்பின் பகுதியாகவே கொள்ள வேண்டும். வெறும் பிழை எண்ணை மட்டும் வைத்து முகவர் எதையும் திருத்த முடியாது. ‘24 மணி நேரம் கடந்துவிட்டது, ரத்து இயலாது, மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும்’ என்றால் அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியும்.

நிரலை எழுதியவருக்கு உள்ளீடுகள் தெரியும். லோடு ஏறிய பிறகு வண்டி மாறுவதும், இன்வாய்ஸில் பெட்டியும் உருப்படியும் குழம்புவதும் டிஸ்பாட்ச் மேசையில் இருப்பவருக்குத்தான் தெரியும். கருவிக் குறிப்பை எழுதும் நாளில் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.