கண்காணிப்பும் அந்தரங்க உரிமையும் (இந்தியா)

சாதாரண மக்களின் உடலடையாளம், நடமாட்டம், பேச்சு ஆகியவற்றை அரசும் பின்னாளில் நிறுவனங்களும் பதிந்துவைக்கும் வழக்கம் இந்தியாவில் கணினிக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. எதிர்த்துப் பேச வழியில்லாதவர்கள் மீதுதான் பதிவேடு முதலில் திறக்கப்பட்டது. பழகிய பின் மற்றவர்களுக்கும் அது விரிந்தது. அந்தரங்க உரிமை இந்தப் பதிவேட்டுக்கு எதிராக நீதிமன்றங்களில் துண்டு துண்டாக வென்றெடுக்கப்பட்டது.

ரேகைச் சட்டம்

1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னால் மறுத்துவிடக் கூடாதென்று அவருடைய முழுக் கையையும் மையில் தோய்த்துப் பதியவைத்தார். 1897-ல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைக் கூடம் அமைந்தது. ரேகைகளை வகைபிரித்துத் தேடும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அலுவலர்களின் உழைப்பு பெரிது. ஆனாலும் அந்த முறை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரிலேயே உலகெங்கும் வழங்குகிறது.

இதே காலத்தில் 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அறிவிக்க இடம் கொடுத்தது. 1911-ல் வந்த புதிய வடிவம் மதராஸ் மாகாணத்தையும் வளைத்துக்கொண்டது. மதுரை மாவட்டத்தின் பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்கள் ரேகை பதிய வேண்டும். இரவில் ஊரைவிட்டுப் போவதென்றால் 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டும். ஒருவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை, இன்னாருக்குப் பிறந்தவர் என்பதே போதுமானதாக இருந்தது. மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். இந்திய அந்தரங்க உரிமையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தில் தொடங்குகிறார்கள். உடலைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு எதிராக உயிரையே கொடுத்த இந்த ஊரில் தொடங்குவதே நியாயம்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் நீங்கியது. சந்தேகப்பட்டவரின் பெயரில் காவல் நிலையத்தில் ஏடு திறந்துவைக்கும் பழக்கம் நீங்கவில்லை.

நள்ளிரவில் கதவு தட்டல்

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் சிக்கி, ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். இருந்தும் அவர் பெயரில் ஏடு திறக்கப்பட்டது. காவலர்கள் இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பி, அவர் வீட்டில்தான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூர் போவதானால் அவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகைகளை மட்டும் செல்லாதென்றது. பின்தொடர்வதையும் விசாரித்து எழுதிவைப்பதையும் அனுமதித்ததோடு, அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் சொல்லிவிட்டது. சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞராக இருந்த நீதிபதி கே. சுப்பா ராவ் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு அசைவும் கவனிக்கப்படுவதை அறிந்த மனிதன் சுதந்திரமாக நடமாடுகிறான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற வாதமே அவருடைய மாற்றுத் தீர்ப்பின் உயிர். அது சரியென்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 55 ஆண்டுகள் ஆயின.

இடையில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வழக்கு போனது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாதென்று சிறைத்துறை நக்கீரன் இதழை எச்சரித்தது. 1994-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. தனித்து விடப்படும் உரிமை வாழ்வுரிமைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது.

ஒட்டுக்கேட்பு

தந்தியும் தொலைபேசியும் 1885-ன் தந்திச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தன. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ வேண்டினால் செய்திகளை இடைமறிக்கலாம் என்றது அதன் 5(2) பிரிவு. எப்படி, யார், எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விதியே இல்லை. 1986-ல் கடிதங்களைப் பிரிக்கும் அதிகாரத்தை விரிவாக்கிய அஞ்சல் திருத்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தரவே இல்லை. 1988-ல் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996-ல்தான் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது: உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும், உத்தரவு 2 மாதம் செல்லும், அதிகபட்சம் 6 மாதம், ஒரு மறுஆய்வுக் குழு சரிபார்க்கும்.

அந்தக் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. இந்த ஏற்பாட்டின் பெருங்குறை அதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அக்குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வருவதாக 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. இத்தனையையும் படித்து முடிவெடுப்பது மனிதரால் ஆகாத காரியம்.

ஆதாரும் ஒன்பது நீதிபதிகளும்

2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பிளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. பத்து விரல் ரேகை, இரு கருவிழி, முகம் என எல்லாமே மத்தியத் தரவுத்தளத்துக்குள் போயின. இதற்கென நாடாளுமன்றச் சட்டம் 2016-ல்தான் வந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் பதிந்துவிட்டிருந்தார்கள். வயலிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காமல், 'ரேகை விழவில்லை' என்று ரேஷன் கடையிலிருந்து திரும்பிப்போன முதியவர்களின் துன்பம் இத்திட்டத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-ல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மத்திய அரசு பழைய தீர்ப்புகளைக் காட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். கரக் சிங் வழக்கின் எதிர்மறைக் கூற்று அன்றோடு நீங்கியது; சுப்பா ராவின் பார்வை வென்றது. நெருக்கடிநிலைக் காலத்தில் உயிருரிமையைக்கூட முடக்கலாம் என்ற 1976 தீர்ப்பையும் இந்த அமர்வு ஒதுக்கியது. அதை எழுதியவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், அது பிழையென்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

2018 செப்டம்பரில் ஆதாரையே ஆராய்ந்த ஐவர் அமர்வு, 4:1 என்ற கணக்கில் நலத்திட்டங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதாரை அனுமதித்தது. வங்கிக் கணக்கும் சிம் அட்டையும் ஆதாரோடு இணைய வேண்டும் என்பதை நீக்கியது. உரிமை முழுதாகக் கிடைத்தும், மானியத்தை நம்பி வாழ்பவருக்கு அதன் பலன் குறைவாகவே போய்ச் சேர்ந்தது.

கைப்பேசிக் காலம்

2016-ல் வாட்ஸ்அப் தன் பயனர் தகவலை ஃபேஸ்புக்கோடு பகிரத் தொடங்கியது. 2021-ல் ஒப்புக்கொண்டால்தான் தொடரலாம் என்ற நிலை வந்தது. இதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் இரண்டுக்கும் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

பெகாசஸ் இன்னும் ஆழமாகப் போனது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் அரசுகளுக்கே விற்கும் இந்த உளவு மென்பொருள் கைப்பேசியின் ஒலிவாங்கி, கேமரா, செய்திகள் அனைத்தையும் கையகப்படுத்தும். பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள் ஆகியோரின் எண்கள் 2021-ல் வெளியான பட்டியலில் இருந்தன. உச்ச நீதிமன்றக் குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீநிரல் இருந்ததென்றும் அது பெகாசஸ்தானா என்று உறுதியில்லை என்றும் தெரிவித்தது. மத்திய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எந்த அரசு அமைப்புக்கும் ஓர் அறிவிக்கையில் விலக்கு தர மத்திய அரசை அனுமதிக்கிறது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்துசெய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிபந்தனை நிறைவேற வேண்டும் என்றார். வழக்கு நடந்ததால் ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குத் தன் பேச்சு பதிவானது தெரிந்தது. தந்திச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் 2024 விதிகளும் செயலாளர்களின் உத்தரவு, செயலாளர்களின் மறுஆய்வு என்ற பழைய ஏற்பாட்டையே தொடர்கின்றன. அதில் நீதிபதிக்கு இடமில்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னாளிலாவது தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் இல்லை.